மென்மையாக்கினால் விற்பனை ஏறுமா? பீ.எம்.டபிள்யூ 3 சீரிஸ் காட்டும் கணக்கு

வேகமாக ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கென்று பெயரெடுத்த ஒரு காரை, சத்தம் குறைத்து, குலுக்கம் குறைத்து, எல்லோருக்கும் இதமானதாக மாற்றினால் என்ன நடக்கும்? புதிய வாடிக்கையாளர்கள் வருவார்களா, இருந்தவர்கள் போவார்களா? வாகன நிறுவனங்களுக்கு இது பல கோடி டொலர் பெறுமதியான கேள்வி. இதற்குப் பதில் தேட, பீ.எம்.டபிள்யூவின் 3 சீரிஸை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

1975இல் ஜேர்மனியில் அறிமுகமான இந்தக் கார், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பயன்படும். அதேவேளை ஓட்டுபவருக்கு வீதியின் ஒவ்வொரு அசைவையும் கையில் உணர்த்தும். இதுவே அதன் அடையாளமாக இருந்தது. அமெரிக்காவின் 'கார் அன்ட் டிரைவர்' சஞ்சிகை ஆண்டுதோறும் வெளியிடும் சிறந்த பத்துக் கார்களின் பட்டியலில், 1992 முதல் 2014 வரை இது தொடர்ந்து இடம்பிடித்தது.

2012இல் முழுமையாகச் சந்தைக்கு வந்த ஆறாவது தலைமுறையில்தான் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. திரவ அழுத்தத்தில் இயங்கிய ஸ்டியரிங்குக்குப் பதிலாக மின் மோட்டாரில் இயங்கும் ஸ்டியரிங் வந்தது. 328ஐ ரகத்தில் இருந்த ஆறு சிலிண்டர் இயந்திரம் போய், எரிபொருளை மிச்சப்படுத்தும் நான்கு சிலிண்டர் டர்போ இயந்திரம் வந்தது. முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 50 மில்லிமீற்றர் கூடியதால் பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் கிடைத்தது. சீனாவில் வாங்குபவர்கள் பின்னிருக்கையைப் பெரிதாக மதிப்பதால், அவர்களுக்காக இன்னும் 110 மில்லிமீற்றர் நீட்டப்பட்ட ரகம் ஒன்றும் ஷென்யாங்கில் தயாரானது.

மோட்டார் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்டியரிங்கில் உயிர் இல்லை என்பதே பொதுவான குறை. சிறந்த பத்துப் பட்டியலிலிருந்தும் 2015இல் 3 சீரிஸ் வெளியேறியது.

ஆனால் விற்பனை வேறு கதை சொன்னது. அமெரிக்காவில் 2007இல், பழைய கூர்மையான 3 சீரிஸ் எல்லா ரகங்களும் சேர்ந்து சுமார் 1 இலட்சத்து 42 ஆயிரம் விற்றிருந்தன. பின்னர் இரண்டு கதவு ரகங்கள் 4 சீரிஸ் என்ற பெயரில் பிரிக்கப்பட்டன. 2014இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விற்பனை கிட்டத்தட்ட அதே அளவைத் தொட்டது. விமர்சகர்கள் நொந்துகொண்ட காரை மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 3 சீரிஸை நேரடியாகக் குறிவைத்து ஜெனரல் மோட்டர்ஸ் 2012இல் கடிலாக் ஏ.டி.எஸ்ஸைக் கொண்டுவந்தது. எடை குறைவு, வளைவுகளில் கூர்மை. 2013இன் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதும் அதற்கே கிடைத்தது. ஆனால் பின்னிருக்கை நெருக்கமானது. 2013இல் சுமார் 38 ஆயிரம் விற்ற அந்தக் கார், 2016இல் 22 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2018இல் அதன் செடான் உற்பத்தி நின்றது. லெக்ஸஸிலும் இதே நிலைமைதான். 2018இல் அமெரிக்காவில் இதமான ஈ.எஸ். சுமார் 48 ஆயிரம் விற்க, துடிப்பான ஐ.எஸ். அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

காரணம் எளிது. காரின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலான நாட்களில் அதை வேலைக்குப் போகும் நெரிசலில்தான் ஓட்டுகிறார். மலைப்பாதை வளைவைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் சிலர். மாதத் தவணை கட்டுபவர்கள் பலர்.

அப்படியானால் மென்மையே வென்றதா? இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. 2015இல் சுமார் 94 ஆயிரம் விற்ற 3 சீரிஸ், 2016இல் 70 ஆயிரமாகவும், 2018இல் 45 ஆயிரத்துக்கும் கீழாகவும் சரிந்தது. 2018 அந்தத் தலைமுறையின் கடைசிக் காலம் என்பதும், அமெரிக்கர்கள் செடான்களையே கைவிட்டு உயரமான எஸ்.யூ.வீ. வாகனங்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. மென்மைக்குப் பெயர்போன மெர்சிடிஸ் சீ கிளாஸும் அக்காலத்தில் வீழ்ந்தது. எனவே சரிவின் முழுப் பழியையும் ஸ்டியரிங்கின் மேல் போட முடியாது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டும் உணர்வு என்ற தனிக் காரணம் மங்கிய பிறகு, வாங்குபவர் இந்தக் காரை இருக்கை, இடவசதி, அமைதி ஆகியவற்றில்தான் ஒப்பிடுவார். அந்த ஒப்பீட்டில், அதே காட்சியறையில் பக்கத்தில் நிற்கும் எக்ஸ் 3க்கே வாய்ப்பு அதிகம். 2018இல் எக்ஸ் 3 சுமார் 61 ஆயிரம் விற்றது. அமைதியையும் வேகத்தையும் ஒன்றாகத் தந்த டெஸ்லா மொடல் 3 அதே ஆண்டில் அமெரிக்காவில் ஒரு இலட்சத்தைக் கடந்தது. 2012க்குப் பிறகு வந்த நல்ல ஆண்டுகளில், முந்தைய தலைமுறைகள் சேர்த்துவைத்த பெயருக்கும் பங்கு இருந்தது. பெயர் சேமிப்பைப் போன்றது. எடுத்துச் செலவழிக்கும்போது உடனே குறைவு தெரியாது.

பீ.எம்.டபிள்யூவும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2018 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அடுத்த தலைமுறையின் உடற்கட்டு இறுக்கமாக்கப்பட்டது. சிறு பள்ளத்தில் இளகி, பெரிய அதிர்வில் இறுகும் அதிர்வுதாங்கிகள் பொருத்தப்பட்டன. சத்தத்தைத் தடுக்கும் முன்கண்ணாடியும் இருந்தது. அதாவது மென்மையைக் கைவிடாமலே பழைய குணத்தை மீட்கும் முயற்சி. 2019இல் விற்பனை சற்றே ஏறியது. பழைய உச்சத்துக்குத் திரும்பவில்லை.

மென்மையாக்கல் விற்பனையைக் கெடுக்கும் என்ற விமர்சகர்களின் வாதத்துக்கு எண்கள் துணை நிற்கவில்லை. குறுகிய காலத்தில் அது விற்பனைக்கு உதவுகிறது. கேள்வி எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது. இருக்கையையும் சத்தத்தையும் திருத்தலாம். மற்றக் கார்களிலிருந்து அதைப் பிரித்துக்காட்டிய ஒன்றையும் சேர்த்துத் திருத்திவிட்டால், பிறகு அதை வாங்கச் சொல்வதற்கு விலைக்கழிவைத் தவிர அதிகம் மிஞ்சாது.