வாய் நாற்றம்: சொல்லத் தயங்கும் நோய்

 

தலை வலித்தால் சொல்கிறோம். காய்ச்சல் வந்தால் சொல்கிறோம். வாய் நாற்றத்தைப் பற்றி மாத்திரம் எவரும் வாய் திறப்பதில்லை. உள்ளவருக்கு அது தெரிவதில்லை. தன் வாயின் மணத்துக்குத் தன் மூக்குப் பழகிவிடுகிறது. தெரிந்தவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணவன் ஏன் விலகிப் படுக்கிறார் என்று மனைவிக்குப் புரிவதில்லை. மனைவி ஏன் முகம் சுளிக்கிறாள் என்று கணவனுக்குப் புரிவதில்லை. மதரஸாவில் ஒரு பிள்ளையின் அருகில் உட்கார மற்றப் பிள்ளைகள் மறுக்கும்போது, அந்தப் பிள்ளை தன் குற்றம் என்னவென்று அறியாமல் தலை குனிகிறது. இதனை வெட்கமாகக் கருதாமல் ஒரு நோய்க்குறியாகக் கருதினால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

"வயிற்றுச் சூடு, அதுதான் வாய் மணக்கிறது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பல்லிடுக்கிலும் நாக்கின் பின்பகுதியிலும் தங்கும் உணவுத் துணுக்குகளையும் இறந்த கலங்களையும், காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமிகள் சிதைக்கின்றன. அப்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. கூழ்முட்டையின் நாற்றத்துக்கும் அத்தகைய வாயுவே காரணம். உமிழ்நீர் இக்கிருமிகளைக் கழுவிச் செல்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால்தான் காலையில் எல்லோருக்கும் வாய் மணக்கிறது. பல் துலக்கியதும் அது போய்விடும். துலக்கிய பின்னும் போகாமல் நாட்கணக்கில் நீடிப்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் முரசைப் பாருங்கள். துலக்கும்போது இரத்தம் கசிகிறதா? அது முரசு நோயின் அடையாளம். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவோர் பலர். அதனால் நோய் கூடுமே தவிரக் குறையாது. பல்லில் கல்லாகப் படிந்த காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது. பல் வைத்தியர்தான் அகற்ற வேண்டும். அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் வீணானது. பல்லை ஆடச் செய்வது அந்தக் காரையோடு வரும் முரசு நோயே.

சூத்தைப் பல், இரவிலும் கழற்றாத கட்டுப்பல், வாயால் மூச்சுவிடும் பழக்கம், தொண்டைச் சதையில் சேரும் வெண்ணிறக் கட்டிகள், நாட்பட்ட பீனிசம் ஆகியனவும் காரணங்களே. இரத்த அழுத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் வாயை வறளச் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறு பிள்ளையின் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் கெட்ட வாடையுடன் சளி வந்தால், மணியோ பயறோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்கள் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வெற்றிலை போட்டால் வாய் மணக்கும் என்பது பெரியவர்கள் பேச்சு. பாக்கும் புகையிலையும் மணத்தை மறைக்கும், முரசையோ கெடுக்கும். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2003இல் முடிவு செய்தது. வெற்றிலை போடும் உம்மாவுக்கோ மாமிக்கோ வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

சில நாற்றங்கள் வாய்க்கு அப்பாலிருந்து வருபவை. மூச்சில் கனிந்த பழம் போன்ற வாடை, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, சோர்வு ஆகியன சேர்ந்தால் அது நீரிழிவின் ஆபத்தான நிலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் போன்ற வாடை சிறுநீரகக் கோளாற்றைக் காட்டலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு நோயும் கூடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. காலையிலும் உறங்குமுன்னும் புளோரைட் கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவில் துலக்குவதை நம்மவர்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். நாக்கைப் பின்புறமிருந்து முன்னோக்கி மெதுவாக வழியுங்கள். பல்லிடுக்கை அதற்கான நூலால் சுத்தம் செய்யுங்கள். கட்டுப்பல்லை இரவில் கழற்றித் துலக்கி நீரில் இடுங்கள். தூரிகையை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். தண்ணீர் போதிய அளவு குடியுங்கள். கராம்பும் ஏலமும் சற்று நேரம் மணத்தை மறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. மதுசாரம் கலந்த வாய்க்கழுவி சிலருக்கு வாயை மேலும் வறட்டும். இரண்டு, மூன்று வாரம் இவ்வாறு செய்தும் குறையாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு பணம் கேட்க மாட்டார்கள்.

நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விடச் சிறந்தது என ஹதீஸில் வந்துள்ளது. அது பசித்த வயிற்றின் வாடையைப் பற்றியது. அழுகிய பல்லை அப்படியே வைத்திருக்க அனுமதி அல்ல. ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி நண்பகலுக்குப் பின்னரே நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். சஹருக்குப் பின்னும் இரவிலும் துலக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சகோதரிகளே, மனைவி கணவனுக்காகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டினுள் நுழைந்ததும் முதலில் மிஸ்வாக் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆண் தன் வீட்டாருக்காக வாயைச் சுத்தம் செய்வதும் ஸுன்னத்தே. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

எப்படிச் சொல்வது? விருந்தினர் முன் சொல்லாதீர்கள். கோபத்தில் குத்திக்காட்டாதீர்கள். தனியாக இருக்கும் நேரத்தில், "கொஞ்ச நாளா உங்கட வாயில ஒரு மணம் வருது. பல் டொக்டருக்கிட்ட ஒருக்கா காட்டுவமா? நானும் வாறன்" என்று சொல்லுங்கள். உங்களுக்கே ஒருவர் அப்படிச் சொன்னால் மனம் புண்படாதீர்கள். புறம் பேசாமல் உங்களிடமே வந்து சொன்னவர் உங்கள் நலன் நாடியவர்.

நம் உடல்களையும் உள்ளங்களையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக. ஆமீன்.