சுடுபட்ட தண்ணீர்த் தொட்டியும் தாத்தா வீட்டுத் திண்ணையும்

வெஸ்ட் வின்ட்சர் என்றாலே நமக்கு நல்ல ஸ்கூல், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள்தான் ஞாபகம் வரும். ஒருநாள் க்ரோவர்ஸ் மில் பக்கம் நடந்து பாருங்கள். தனியார் வீடு ஒன்றின் மரங்களுக்கு நடுவே, நெட்டைக் கால்களோடு ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி நிற்கும்.

1938 அக்டோபர் 30 இரவு, ஆர்சன் வெல்ஸ் சிபிஎஸ் வானொலியில் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தைச் செய்தி அறிக்கை மாதிரி ஒலிபரப்பினார். செவ்வாய் கிரகவாசிகள் வந்து இறங்கியதாகச் சொன்ன இடம் இதே க்ரோவர்ஸ் மில். பயந்துபோன சிலர் இருட்டில் இந்தத் தொட்டியைச் செவ்வாய்க்காரர்களின் இயந்திரம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நிஜமோ கட்டுக்கதையோ, ஊர் அதை விடவில்லை. 1988-ல், ஐம்பதாவது ஆண்டில், வான் நெஸ்ட் பூங்காவில் நினைவுச் சின்னமே வைத்துவிட்டார்கள்.

அட்லாண்டிக் சிட்டி போகிறவர்கள் பக்கத்து மார்கேட்டில் லூசியைப் பார்த்திருப்பீர்கள். மனை விற்பதற்காக 1881-ல் மரத்திலும் தகரத்திலும் கட்டிய ஆறு மாடி உயர யானை. இடிபட இருந்ததை ஊர்க்காரர்களே பணம் திரட்டி 1970-ல் வேறு இடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். 1976-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

நம்ம மெரினா ஐஸ் ஹவுஸும் அப்படித்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியது. அந்த வியாபாரம் எப்போதோ கரைந்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கிய கதைதான் கட்டடத்தை இன்றும் நிறுத்தியிருக்கிறது.

சென்ற வருடம் தாத்தா வீட்டை இடிக்கச் சம்மதம் கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் பேப்பர் வந்தது. திண்ணை, முற்றம், ரெட்டைக் கதவு எல்லாம் இருந்த வீடு. மீட்டிங்குக்கு நடுவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பாகம் பிரிக்க வேண்டும், பராமரிக்க ஆள் இல்லை, காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த வீட்டை யார் கட்டினார், எந்த வருடம் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இங்கே தண்ணீர்த் தொட்டியின் கதையை மகளுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, சொந்த வீட்டின் கதை தெரியாது.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள், அறை அறையாகப் படம் எடுங்கள், பாட்டி பேசுவதை ரெக்கார்ட் பண்ணுங்கள். கையெழுத்தை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.