நைட்ராக்ஸ்: பாடம் வீட்டில் படிக்கலாம்... சிலிண்டரை நேரில்தான் அளக்கணும்!

“டாக்டர், பையன் அந்தமான் போய் கடலுக்கடியிலே முக்குளிக்கப் போறானாம். அதுக்கு நைட்ராக்ஸ்னு ஒரு கோர்ஸ் இருக்காம். ஆன்லைன்லயே முடிச்சு அட்டை வாங்கிடலாம்கிறான். பணம் கட்டலாமா?”

இப்படிக் கேட்கிற பெற்றோர் இப்போது என் கிளினிக்குக்கே வருகிறார்கள். ‘சித்த வைத்தியருக்கும் ஸ்கூபாவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிரிக்காதீர்கள். சுவாசிக்கிற பொருள் ஒரு அளவுக்கு மேல் போனால் விஷமாகிற சங்கதி இது. அளவு பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

முதலில் நைட்ராக்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவிகிதம். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். கடலுக்கடியில் போகப்போக அழுத்தம் கூடும். 10 மீட்டருக்கு ஒரு மடங்கு என்று வெச்சுக்குங்க. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். சரசரவென்று மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததுபோல குமிழி குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய தொல்லை இது. சிலிண்டரில் ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்தால் இந்தத் தொல்லை தள்ளிப்போகும். பி.ஏ.டி.ஐ. அமைப்பின் அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றில் 56 நிமிடம் இருக்கலாம். 32 சதவிகித ஆக்சிஜன் கலவையில் 95 நிமிடம். மீன் பார்க்க இன்னும் நாற்பது நிமிடம் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது!

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2021-ல் கொரோனா நேரத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக வீதி வீதியாக அலைந்தோம். அதிலிருந்து ஆக்சிஜன் என்றாலே அமுதம், எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று மனசில் பதிந்துவிட்டது. கடலுக்கடியில் கதை வேறு. அழுத்தம் கூடக்கூட ஆக்சிஜனின் வீரியமும் கூடும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் மூளையைத் தாக்கி வலிப்பு வரும். பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-லேயே எழுதிவைத்த விஷயம் இது. கண் மங்கல், காதில் இரைச்சல், குமட்டல், உதட்டுத் துடிப்பு என்று முன்னறிவிப்பு வந்தாலும் வரலாம். ஒன்றுமே இல்லாமல் நேரே வலிப்பே வரலாம். வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காப்பாற்றலாம். தண்ணீருக்குள் வந்தால் வாயில் இருக்கிற மூச்சுக்குழாய் நழுவிவிடும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் ஒவ்வொரு கலவைக்கும் ஆழ எல்லை உண்டு. 32 சதவிகிதத்துக்கு ஏறத்தாழ 33 மீட்டர், 36-க்கு 28 மீட்டர், 40-க்கு 25 மீட்டர். ஆக்சிஜன் கூடினால் எல்லை மேலே ஏறும், கவனியுங்கள். நைட்ராக்ஸ் போட்டால் ஆழமாகப் போகலாம் என்று நினைப்பவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் படிக்கலாமா? தாராளமாக. கடற்கரையில், வெயிலில், படகு கிளம்புகிற அவசரத்தில் ஒருவர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவதைவிட, வீட்டில் உட்கார்ந்து புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது எவ்வளவோ மேல். கணக்கில் மந்தமான பிள்ளைக்கு யார் முன்னாலும் கூச்சம் இல்லை. லீவும் மிச்சம். பாடத்தைப் பொறுத்தவரை நான் ஆன்லைன் கட்சி.

ஆனால் பாடம் முடிந்ததும் அட்டையும் கையில் வந்துவிடும் என்றால் எனக்குச் சம்மதமில்லை. காரணம், நைட்ராக்ஸில் உயிர் காக்கிற காரியம் ஒன்றே ஒன்று: தான் சுவாசிக்கப்போகிற சிலிண்டரைத் தானே அளப்பது. அதற்கு அனலைசர் என்று ஒரு சின்னக் கருவி. முதலில் வெளிக்காற்றில் வைத்து 20.9 காட்டுகிறதா என்று சரிசெய்ய வேண்டும். பிறகு சிலிண்டர் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, காற்று மெதுவாக வரும்படி பிடித்து, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். சதவிகிதம், ஆழ எல்லை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு சிலிண்டரில் ஒட்ட வேண்டும். கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணை ஏற்ற வேண்டும். கேட்க எளிது. வால்வை வேகமாகத் திறந்தால் எண் தப்பும். சென்சார் கிழடு தட்டியிருந்தால் தப்பும். எண் நிற்குமுன் அவசரப்பட்டாலும் தப்பும்.

தப்பினால் என்ன? ஒருவர் 32 என்று நம்பி 33 மீட்டர் போகிறார். உள்ளே இருப்பது 40 என்று வையுங்கள். அங்கே அழுத்தம் 4.3 மடங்கு. 0.40 ஆல் பெருக்கினால் 1.72 வரும். பாதுகாப்புக்கு வைத்திருக்கிற எல்லை 1.4, அவசரத்துக்குக்கூட 1.6-தான்.

பாளையங்கோட்டை கல்லூரியில் நாங்கள் நாடி பார்க்கப் படித்தோம். வாதம், பித்தம், கபம் மூன்றுக்கும் மூன்று விரல் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லும். விரலை எவ்வளவு அழுத்துவது என்பதை, ஆசான் என் விரல்மேல் தன் விரலை வைத்துத்தான் காட்டினார். வால்வைத் திறக்கிற கைக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று “மெதுவா... இன்னும் மெதுவா” என்று சொல்லித்தர வேண்டும்.

அதற்காக, நேரில் படித்தாலே ஒழுங்கு என்றும் நம்பிவிடாதீர்கள். பயிற்சியாளரே அளந்து, அவரே எழுதி, “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று நீட்டினால், அந்த நேர்வகுப்பும் வெறும் பேப்பர்தான். நைட்ராக்ஸ் படிப்பில் கடலில் இறங்கிப் பார்ப்பது பல இடங்களில் கட்டாயமில்லை. அதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. கரையில் அளக்கத் தெரிவதே எனக்கு முக்கியம்.

என்னிடம் வருகிறவர்களுக்காக இன்னொன்று. பிராணாயாமம் பழகியவன்தானே, மூச்சை அடக்கினால் சிலிண்டர் அதிக நேரம் வருமே என்று ஒரு பையன் கேட்டான். வேண்டவே வேண்டாம்! தண்ணீருக்குள் மூச்சை அடக்கினால் கரியமில வாயு தேங்கும். அது ஆக்சிஜன் விஷத்தை இன்னும் சுலபமாக வரவழைக்கும். அடக்கிய மூச்சோடு மேலே வந்தால் நுரையீரலே கிழியலாம். அதேபோல், முக்குளித்துவிட்டு வந்தபின் மூட்டுவலி, மரமரப்பு என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு, கஷாயம் குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. உடனே முழு ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆக, பணம் கட்டுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: “சிலிண்டரை அளக்க உனக்கு யார், எங்கே கற்றுத்தருவார்கள்?” பதில் இருந்தால் கட்டுங்கள். ஏற்கெனவே அட்டை வாங்கியாகிவிட்டதா? பரவாயில்லை. ஸ்வராஜ் தீவிலோ புதுச்சேரியிலோ இறங்குகிற அன்றைக்கு அரை மணி முன்னதாகப் போய், பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க அவனே இரண்டு சிலிண்டரை அளந்து எழுதட்டும். “அதுக்கெல்லாம் நேரமில்லை, நாங்க பார்த்தாச்சு” என்று சொன்னால், அன்றைக்குச் சாதாரணக் காற்றிலேயே இறங்கச் சொல்லுங்கள். மீன்கள் அதிலும் தெரியும். கம்ப்யூட்டரில் மட்டும் பழைய நைட்ராக்ஸ் எண்ணை அழித்து 21 என்று மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.