பிரிந்துபோன பங்காளியும் ஆகாயக் கிணறும்

அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்துகொள்ளும்போது வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். நிலத்தில் வரப்புப் போட்டுக்கொள்ளலாம். அண்டா, குண்டான்களை எண்ணி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கிணற்றை என்ன செய்வது? அதை இரண்டாக வெட்ட முடியாதே! ஆகவேதான் நம் ஊர்ப் பாகப் பத்திரங்களில், கிணறு பொது என்றும், இன்னார் இத்தனை நாள் முறை வைத்து இறைத்துக்கொள்வது என்றும் எழுதி வைப்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் பத்திரத்தில் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

ஐரோப்பிய யூனியன் என்ற பெரிய கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிட்டன் பிரிந்துபோனபோதும் இப்படி ஒரு கிணறு இருந்தது. அது பூமியில் இல்லை, ஆகாயத்தில் இருந்தது. அதன் பெயர் கலீலியோ.

2016 ஜூன் 23-ம் தேதி நடந்த வாக்கெடுப்பில், வோட்டுப் போட்ட பிரிட்டிஷாரில் நூற்றுக்கு 52 பேர் பிரிவினையை ஆதரித்தார்கள். வெளிநாட்டார் குடியேறுவதைப் பற்றியும், மீன் பிடிக்கும் உரிமையைப் பற்றியும், யூனியனுக்குக் கட்டும் பணத்தைப் பற்றியும் மேடைதோறும் பேசினார்கள். ஆகாயத்துச் சொத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

ஆகாயத்தில் கடிகாரம்

கலீலியோ என்பது வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் கூட்டம். பூமிக்கு மேலே சுமார் 14,400 மைல் உயரத்தில் அவை சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோளும், "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் கையிலுள்ள செல்போன் நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலும், கணக்கில் சுமார் ஆயிரம் அடி தவறிவிடும்!

இதற்கு அமெரிக்காவின் ஜி.பி.எஸ். முன்னமே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் உடைமை. 2000 மே மாதம் வரையில் பொது ஜனங்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். இன்னொருவர் தயவில் எத்தனை நாள் காலம் தள்ளுவது என்று ஐரோப்பா யோசித்தது. அதன் விளைவே கலீலியோ. 2016 டிசம்பர் 15-ம் தேதி அதன் ஆரம்ப சேவை தொடங்கியது. பிரிட்டன் பிரிந்துபோக வோட்டுப் போட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பிரிட்டன் போட்ட முதல்

இந்தக் கிணற்றை வெட்டியதில் பிரிட்டனின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. சுமார் 120 கோடி பவுண்டு கொடுத்திருக்கிறது. பணத்தை விடப் பெரிது அதன் விஞ்ஞானிகளின் உழைப்பு. 2005 டிசம்பர் 28-ம் தேதி மேலே சென்ற முதல் சோதனைக் கோளான 'ஜியோவே-ஏ' இங்கிலாந்திலுள்ள கில்ட்ஃபோர்டு நகரில் சர்ரே சாட்டிலைட் கம்பெனி செய்தது. குறித்த கெடுவுக்குள் ஒலிபரப்பாவிட்டால் ஐரோப்பாவுக்கு ஒதுக்கிய அலைவரிசை கைநழுவிப் போயிருக்கும். அந்தச் சிறு கோள்தான் அதைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு 34 கோள்களின் உள்ளே வைக்கும் வழிகாட்டும் கருவிகளையும் அதே கம்பெனிதான் செய்து கொடுத்தது. கோள்களைக் கண்காணிக்கும் தரை நிலையங்கள் பிரிட்டனுக்குச் சொந்தமான பாக்லாந்து தீவிலும் அஸென்ஷன் தீவிலும்கூட இருந்தன.

ஆனால் கலீலியோவில் இரண்டு வகை அலைகள் உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, உலகத்தார் யாவருக்கும் இலவசமாகக் கிடைப்பது. லண்டனில் டாக்சி ஓட்டுகிறவரின் செல்போன் இன்றும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் பிடுங்கவில்லை. மற்றொன்று சங்கேத அலை. ராணுவம், போலீஸ் முதலிய சர்க்கார் இலாகாக்களுக்கு மட்டுமே உரியது. யுத்த காலத்தில் எதிரி சாதாரண அலையை அமுக்கிவிடலாம். பொய் அலையை அனுப்பிக் கப்பலைத் திசை திருப்பலாம். சங்கேத அலையில் அந்த வேலை எளிதில் நடக்காது. பிரிட்டன் இழந்தது இந்த அலைக்கான சாவியைத்தான்.

தானும் சேர்ந்து போட்ட பூட்டு

அந்தச் சாவி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற விதியை யூனியன் 2011-ல் இயற்றியது. அங்கத்தினர் அல்லாத நாடு சங்கேத அலையை உபயோகிக்கத் தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்த விதியை இயற்றியபோது பிரிட்டனும் அங்கத்தினராகச் சபையில் உட்கார்ந்திருந்தது. வெளியாரைத் தடுக்கப் போட்ட பூட்டு, தானே வெளியாரானபோது தன்னையே தடுத்தது.

2018 ஜனவரியில் முதல் அடி விழுந்தது. இங்கிலாந்தில் ஸ்வான்விக் என்ற இடத்திலிருந்த கலீலியோ பாதுகாப்பு நிலையத்தை ஸ்பெயினுக்கு மாற்ற முடிவாயிற்று. சங்கேதக் கருவிகளைச் செய்யும் வேலையில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்பதும் தெளிவாயிற்று. பிரிட்டிஷ் சர்க்கார் ஆட்சேபித்தது, வாதாடியது. ஒப்பந்தம் செய்துகொண்டு அலையை உபயோகிக்கலாம், ஆனால் அமைப்பின் அந்தரங்க வேலைகளில் கை வைக்கக் கூடாது என்று யூனியன் பதில் சொன்னது. தண்ணீர் இறைத்துக்கொள், கிணற்றுக் காவலில் மட்டும் பங்கு கேட்காதே என்பதுதான் அதன் பொருள்.

அந்த நிபந்தனையைப் பிரதம மந்திரி தெரேசா மே ஏற்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாத ஓர் அமைப்பை நம்பிச் சிப்பாய்களை அனுப்ப முடியாது என்ற அபிப்பிராயத்துடன், 2018 நவம்பர் இறுதியில் ராணுவ உபயோகத்துக்கான கலீலியோ முயற்சியைக் கைவிட்டார். அதே சமயத்தில் விஞ்ஞான மந்திரி சாம் ஜீமா, பிரிவினை ஒப்பந்தத்தை எதிர்த்து ராஜிநாமா செய்தார். கலீலியோ விவகாரத்தையே அவர் உதாரணம் காட்டினார்.

இதில் நியாயம் யார் பக்கம்? பணமும் மூளையும் கொடுத்தவனைத் தள்ளிவைப்பது கொடுமை என்று பிரிட்டன் சொல்வதில் வாஸ்தவம் இருக்கிறது. குடும்பத்தைவிட்டுப் போனவனுக்குப் பெட்டிச் சாவியைக் கொடுத்தால் நாளைக்கு வேறொருவனும் கேட்பானே என்று யூனியன் சொல்வதிலும் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் கூட்டுத் தொழிலில் முதல் போட்டதும் உழைத்ததும் ஒன்று, சாவிக்கு உரிமை வேறொன்று. அந்த உரிமை அங்கத்தினர் என்ற தகுதியோடு ஒட்டிக்கொண்டது. தகுதியைக் கழற்றி எறிந்தால் உரிமையும் கூடவே போய்விடும். போகுமுன் இதைக் கணக்குப் பார்க்காதது பிரிட்டனின் தவறு.

தனிக் கிணறு

"சொந்தமாகவே வெட்டிக்கொள்கிறோம்!" என்று கிளம்பினார்கள். 2018 ஆகஸ்டில் ஆராய்ச்சிக்காக 9 கோடியே 20 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். முழு அமைப்புக்கு 300 முதல் 500 கோடி பவுண்டு ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2020 செப்டம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு காரியம் நடந்தது. திவாலாகிக் கிடந்த ஒன்வெப் என்ற செயற்கைக் கோள் கம்பெனியை, நம் நாட்டு பாரதி நிறுவனமும் பிரிட்டிஷ் சர்க்காரும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு வாங்க முன்வந்தன. ஆனால் ஒன்வெப் கோள்கள் இன்டர்நெட்டுக்காகச் செய்தவை, வழிகாட்டுவதற்கல்ல. உக்ரேன் யுத்தத்தால் ரஷ்ய ராக்கெட் கிடைக்காமல் போகவே, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் தடவைக்கு 36 கோள்களை நமது ஸ்ரீஹரிகோட்டாதான் ஏற்றி அனுப்பியது. 2023 செப்டம்பரில் ஒன்வெப், யூடெல்சாட் என்ற பிரெஞ்சுக் கம்பெனியோடு இணைந்துவிட்டது. சுற்றிச் சுற்றி மறுபடியும் ஐரோப்பா!

தீவுக்காரர்களின் கவலை

ராணுவத்தோடு விஷயம் முடிந்திருந்தால் சாதாரண ஜனங்களுக்கு வலி தெரிந்திராது. கலீலியோவுக்குத் துணையாக எக்னாஸ் என்றொரு சேவை உண்டு. அது ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தைத் திருத்தி, அது நம்பத்தக்கதா என்றும் விமானிக்குச் சொல்லும். விலையுயர்ந்த இறங்குகருவி இல்லாத சிறு விமான நிலையங்களில், தாழ்ந்த மேகத்துக்கிடையே விமானம் இறங்க அது பேருதவி. 2021 ஜூன் 25-ம் தேதி முதல் அந்த உயிர்காப்புச் சேவையைப் பிரிட்டிஷ் விமானங்கள் நம்புவதற்கு உரிமை இல்லாமல் போயிற்று. அலை என்னவோ தலைக்கு மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு உத்தரவாதம் சொல்ல ஆளில்லை. மூடுபனி நாளில் தபாலோடும் நோயாளியோடும் வரும் சிறு விமானம் இறங்காமல் திரும்ப நேர்ந்தால், பாதிக்கப்படுகிறவர் லண்டன் மந்திரி அல்ல. தீவில் காத்திருக்கும் குடும்பம்தான்.

போனதெல்லாம் போய்விடவில்லை. பூமியைப் படம்பிடிக்கும் கொப்பர்நிகஸ் திட்டத்தில், பணம் கட்டி 2024 ஜனவரி முதல் பிரிட்டன் மறுபடி சேர்ந்துகொண்டது. யூனியனுக்குப் புறம்பான ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தில் அது என்றுமே அங்கத்தினர்தான். ஆனால் அந்தச் சங்கேதச் சாவி இந்த வழிகளில் திரும்பி வரவில்லை.

பிரிந்து போவதா, சேர்ந்து இருப்பதா என்பது அந்தந்த நாட்டு மக்களின் உரிமை. அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை. ஆயினும் இன்றைக்கு நாடுகளுக்குள் பொதுவாக இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கிணறுகள். கடிகாரம், அலை, சங்கேதம் ஆகியவற்றில் யார் பங்கு எவ்வளவு என்று வரப்பு காட்டாது. பத்திரம்தான் காட்டும். பாகம் கேட்குமுன் அதை எடுத்து ஒருதரம் படித்துப் பார்ப்பது நல்லது.