குழந்தை பெற்ற வீட்டிற்கு எதைக் கொண்டுபோவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம் ஆகிவிட்டால், தாய்க்கு என்ன வேண்டும் என்கின்ற விசாரணையைவிட, பெண் வீட்டார் எத்தனை பவுன் போட்டார்கள் என்கின்ற விசாரணையே முந்திக்கொள்ளுகின்றது. பெரிய வீட்டு வழக்கத்தைப் பார்த்துவிட்டு, கடைக் குமாஸ்தாவும் கொத்தனாரும்கூட அரைஞாணுக்கும் காப்புக்கும் கடன் வாங்குகின்றார்கள். சில மாதத்தில் கைக்குப் பத்தாமற்போகும் அந்தக் காப்பு, பிறகு அடகுக்கடையில் இருக்கின்றது. வட்டி மாத்திரம் குழந்தையைவிட வேகமாய் வளருகின்றது. பெண் குழந்தையாய் இருந்துவிட்டாலோ, சில வீடுகளில் சீரும் குறைந்து, முகமும் சுருங்கிவிடுகின்றது. இதற்குப் பெயர் ஆசீர்வாதமாம்!

நிற்க, தமிழ்நாட்டு அரசாங்கம் 2015-ம் வருஷத்தில், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 16 சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டகம் கொடுக்க ஏற்பாடு செய்தது. பெறுமானம் சுமார் 1000 ரூபாய். அதில் பவுனும் இல்லை, தாயத்தும் இல்லை. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நகவெட்டி முதலியவைகளோடு, தாய்க்கென்றே சோப்பும் சுண்டி லேகியமும் வைத்திருந்தார்கள். பெற்றவளும் ஒரு ஜீவன் என்கின்ற ஞாபகம் அதில் இருந்தது. பின்லாந்து தேசத்தார் 1938-லேயே ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் இப்படி ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஆனால் கர்ப்பத்தின் நாலாவது மாதம் முடிவதற்குள் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பெட்டிக்காக வந்தவள் வைத்தியத்தையும் பெற்றுக்கொண்டு போனாள். அட்டைப்பெட்டியே குழந்தைக்கு முதல் படுக்கையாயிற்று.

பால் பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக்காரன் இவைகளை இலவசமாய்க் கொடுத்துச் சரக்கைப் பரப்புவதை 1992-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கின்றது. அவன் செய்யக்கூடாததை அத்தையும் சித்தியும் அன்பினால் செய்கின்றார்கள்! சேனை தொடுவது என்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் நாக்கில் வைப்பதும் இப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. சீம்பாலில் தொடங்கி ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை என்று வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள்.

பின் எதைத்தான் கொண்டுபோவது? கஞ்சி மொடமொடப்புள்ள புதுத்துணியைவிட, துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய கண்டாங்கிச் சேலை குழந்தைக்குச் சுகம். அதை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, பத்துத் துண்டாய்க் கிழித்துக்கொண்டு போகலாம். தாய்க்கு முட்டையும் முருங்கைக்கீரையும் பருப்பும் கொண்டுபோகலாம். பத்தியம் என்று சொல்லி அவளைப் பட்டினி போடுகிற கிழவிகள் கோபித்தால் கோபிக்கட்டும். கையில் காசில்லாதவர் இரண்டு நாள் துணி துவைத்துக் கொடுக்கலாம். அதை அந்தக் குழந்தையின் தகப்பனும் செய்யலாம், அவன் கை தேய்ந்துவிடாது. 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசிக்குப் போக ஆட்டோ வாடகை கொடுக்கலாம். மொய் எழுதியே தீரவேண்டும் என்கின்றவர்கள், பெண் குழந்தையானால் தபாலாபீசில் செல்வமகள் கணக்குத் தொடங்குவதற்கு 250 ரூபாயைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு வரட்டும்.