வலிப்பை மறைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். குர்லா ரயில் நிலையத்தில் நம்மவர் ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், வலிப்பு வந்து விழுந்தார். கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே நீட்டினார். வேறொருவர் பல்லிடுக்கில் ஸ்பூனை நுழைக்கப் பார்த்தார். இரண்டு மூன்று நிமிஷத்தில் வலிப்பு தானாக நின்றது. சாவிதான் நிறுத்தியது என்ற திருப்தியோடு சாவிக்காரர் வண்டி ஏறிப் போனார்.

நினைவு தெளிந்ததும் அந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி: "எங்க கம்பெனி ஆளு யாராச்சும் பாத்தாங்களாண்ணே?"

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தேன். சாப்பிட்டு வந்தாராம். கோயில் கொடைக்கு ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துவிட்டது. அங்கே கடையில் கேட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று வாங்கவில்லை. இரண்டு இரவு ரயிலில் தூக்கமில்லை. வந்த மறுநாளே நைட் ஷிப்ட். வலிப்பு வராமல் என்ன செய்யும்?

நம் ஜனங்களிடம் இந்த நோயைவிட இதை மறைக்கும் பழக்கமே அதிகக் கேடு செய்கிறது என்பது என் கருத்து. சர்க்கரை வியாதி என்றால் ஆபீசில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். வலிப்பு என்றால் மட்டும் மாத்திரைப் பட்டை அரிசி டப்பாவுக்குள் போய்விடுகிறது. மூளையில் ஓடும் மின்சாரம் சிறிது நேரம் தாறுமாறாவதுதான் வலிப்பு. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை.

காரணம் வயதுக்கு வயது மாறும். பிறந்த குழந்தைக்குப் பிரசவத்தில் மூச்சுத் திணறியிருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்திருக்கலாம். மூளைக் காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருக்கலாம். பச்சைக் குழந்தை பெரியவர்களைப் போல் வெட்டி இழுக்காது. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், உதடு சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் அசையும். 'குழந்தை விளையாடுகிறது' என்று பாட்டி சொல்லக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிய விஷயம் இது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஜுர வேகத்தில் வரும் வலிப்பு வேறு ரகம். பெற்றவர் நெஞ்சு பதறினாலும் பெரும்பாலும் அது மூளையைக் கெடுப்பதில்லை, வளர்ந்தால் போய்விடும். மூளைக் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் போதும். இதை மாந்தம் என்றும் தோஷம் என்றும் சொல்லி ஊரில் சூடு போடுகிறார்களே, அந்தத் தழும்பு பிள்ளைக்கு ஆயுளுக்கும் நிற்கிறது.

பெரியவர்களுக்குத் தலையில் பட்ட அடி, பக்கவாதம், மூளையில் காசநோய்க் கட்டி என்று பல உண்டு. பரம்பரையும் உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் சபரிமலைக்கு மாலை போட்டுச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். நிறுத்துவது நல்லதே, டாக்டரிடம் சொல்லி நிறுத்தட்டும். நம் நாட்டில் நாடாப்புழு முட்டையும் ஒரு பெரிய காரணம். பன்றி இறைச்சியே தொடாத சைவருக்கும் இது வருகிறது. புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கழுவாத கை வழியாகவும் பச்சைக் காய்கறி வழியாகவும் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. ஸ்கேனில் தெரியும், மருந்தும் உண்டு.

இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இருந்தாலும், விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் சொல்வதுதான் டாக்டருக்கு முதல் ஆதாரம். எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம், நாக்கைக் கடித்தாரா, சிறுநீர் போனதா? விழுந்தவருக்கு இது ஒன்றும் நினைவிருக்காது. பார்த்த ரூம்காரரோ லீவு போட மாட்டார். போனாலும் இந்தியும் மராத்தியும் தடுமாறும். நோயாளி தனியே போய், 'சக்கர் ஆயா' என்று தலைசுற்றலைப் போலச் சொல்லி, சத்து மாத்திரையோடு திரும்புகிறார். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு நிமிஷம் படம் பிடித்து வைத்தால், மொழி தெரியாத குறை பாதி தீர்ந்தது.

வைத்தியம் உண்டா? தாராளமாக. சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பழைய மருந்துகள் விலையும் அதிகமில்லை. ஆனால் வலிப்பு நின்று இரண்டு வருஷமாவது ஆன பிறகே நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார், அதுவும் படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகி உயிரைக் குடிக்கும். ஊருக்குப் போகிறவர் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகவும், மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்து முடித்து வைக்கிறார்கள். மாமியார் கண்ணில் படக்கூடாதென்று தாயே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாள். முகூர்த்த அலைச்சல், தூக்கமின்மை. பத்தாம் நாள் பெண் அடுப்பங்கரையில் விழுகிறாள். 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது வலிப்பையும் கல்யாணத்துக்குத் தடையாகச் சேர்த்தார்கள். 1999இல் அதை நீக்கியாயிற்று. சட்டம் திருந்தியும் நம் வீடுகள் திருந்தவில்லை. இன்றைக்கும் மறைத்ததை மோசடி என்று கோர்ட்டுக்கு இழுப்பவர் உண்டு; சொல்லிச் செய்வதே பெண்ணுக்குப் பாதுகாப்பு. வலிப்புள்ள பெண்கள் பிள்ளை பெறலாம். சில மருந்து, முக்கியமாக வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

வேலையில் சொன்னால் சீட்டுக் கிழியும் என்ற பயம் பொய்யல்ல. கூலிக்காரரைப் பார்த்து 'தைரியமாகச் சொல்' என்பது எனக்குச் சுலபம். ஆனாலும் சாரத்தின் மேல் நிற்பவரும் வண்டி ஓட்டுபவரும் மறைத்தால் போவது அவர் உயிர் மட்டுமல்ல. நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வைக்கட்டும். மும்பை இந்தியன்ஸ் அணிக்குப் பல வருஷம் பீல்டிங் கற்றுக்கொடுத்த ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு. அவர் அதை மறைத்ததில்லை.

கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் இரும்பு வேண்டாம், வாயில் தண்ணீர் வேண்டாம். தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, முதல் முறை வலிப்பு என்றாலோ 108க்குப் போன் செய்யுங்கள்.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கலுக்குப் பட்டிமன்றப் பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கிறோம். சயான், கே.இ.எம். ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் பிரிவுக்கு வரும் தமிழருக்குப் பேச்சுத் துணையாக, மராத்தி தெரிந்த ஒரு தொண்டரை வாரம் ஒரு நாள் அனுப்ப என்ன செலவாகும்? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.