டிரோனைக் கீழே இறக்குங்கள்

குடிசைப் பகுதி என்றதும் நம் இயக்குநர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டிரோன்தான். கேமரா மேலே போகும், தகரக் கூரைகள் நெருக்கியடித்துத் தெரியும், பின்னணியில் சோகமாக ஒரு வயலின். முடிஞ்சுது, வறுமையைக் காட்டியாச்சு!

எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. அங்கே வாழ்கிற யாரும் தன் தெருவை அந்த உயரத்திலிருந்து பார்ப்பதில்லை. இடத்தை அளக்க வருகிறவனின் பார்வை அது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தில் விரட்டுகிறவர்களுக்குப் பயந்து பிள்ளைகள் சந்துகளில் ஓடுகிறார்கள். கேமரா படிப்படியாக உயரே போய், கடைசியில் கூரைகள் மட்டும் அழகாக மிஞ்சுகின்றன. ஓடின பசங்க எங்கே?

“அப்ப மேலேருந்து எடுக்கவே கூடாதா?” என்பீர்கள். எடுக்கலாம். ‘லா ஹெய்ன்’ (1995) படத்தில், பாரிஸ் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் ஒரு பையன் ஜன்னலோரம் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை அலறவிடுகிறான். அந்தச் சத்தத்தோடுதான் கேமரா பறக்கிறது. பறப்பது அவன்.

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) அதிகாரத்தைக் காட்ட வானத்துக்குப் போகவில்லை. ஹவுசிங் போர்டில் ஒரு சுவர், அதில் ஒரு தலைவரின் முகம், போதும். போங் ஜூன்-ஹோவுக்கு ‘பாரசைட்’டில் (2019) படிக்கட்டு போதும். மழை ராத்திரியில் அந்தக் குடும்பம் இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கீழே வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணி.

டிரோன் வாடகையை மிச்சம் பிடியுங்கள். தண்ணி லாரி வரும்போது குட வரிசையில், இடுப்பு உயரத்தில் கேமராவை வையுங்கள். யார் முந்துகிறார்கள், யாரை யார் தள்ளுகிறார்கள், யாருக்கு வரிசையே கிடையாது என்பதெல்லாம் அங்கேயே தெரியும்.